மூத்தம்மாவின் வெள்ளைச் சேலை

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பாதையில் பாண்டிருப்பைத் தாண்டினால் வருவது எங்கள் ஊர் மருதமுனை. வெளியூரில் யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஆ, சாறன் நெய்யிற ஊரா?" என்றுதான் கேட்பார்கள். கைத்தறிச் சாறனும் சேலையும் எங்கள் ஊருக்கு அப்படி ஒரு பெயரை வாங்கித் தந்திருக்கின்றன. ஆனால் தறியில் இருப்பவரை அறிந்த பலருக்கு, அவருக்கு முன்னால் வேலை செய்த ஒருவரைத் தெரியாது. நூல் ஊருக்குள் வெள்ளைக் கழியாகத்தான் வரும். அதைச் சாயத் தொட்டியில் தோய்த்து, பிழிந்து, மூங்கில் கம்பில் காயப் போட்டுக் கொடுத்தால்தான் பாவோடவும் நெய்யவும் முடியும். அந்தச் சாயக்காரரின் பெயர் எந்தச் சாறனிலும் இருக்காது. என் மூத்தப்பா அப்படிப்பட்ட ஒரு சாயக்காரர்.

நான் அவரைச் சாயத் தொட்டியோடு கண்டதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் எங்கள் ஊருக்குள் வந்தபோது, கரையோரத்தில் இருந்த அவருடைய கொட்டிலும் தொட்டிகளும் கழிகளும் போய்விட்டன. எந்த நிறத்துக்கு எவ்வளவு சாயம், எவ்வளவு காஸ்டிக் என்று அவர் எழுதி வைத்திருந்த கொப்பியும் அதோடு போயிற்று. நான் பிறந்தது அதற்குப் பின்னர்தான். எனக்குத் தெரிந்த மூத்தப்பா வீட்டு முன்னால் சிறிய கடை வைத்து சீனி, பருப்பு நிறுத்துக் கொடுத்தவர். ஆனாலும் யாராவது புதுச் சாறன் உடுத்திக்கொண்டு கடைக்கு வந்தால், சாமான் கொடுப்பதற்கு முன் சாறன் ஓரத்தை விரலால் உரசிப் பார்ப்பார். "சாயம் நிக்கும்" என்றோ, "மூணு கழுவுக்கு மேல நிக்காது" என்றோ சொல்லிவிட்டுத்தான் சீனியை அள்ளுவார்.

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அவர் வபாத்தானார். மூத்தம்மா இத்தா இருந்தார். எங்கள் பகுதியில் இத்தாவில் வெள்ளை உடுத்துவது வழக்கம். உம்மாவும் சாச்சியும் ஐந்து வெள்ளை வொயில் சேலைகள் வாங்கிக் கொடுத்தார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்தன. அயலில் உள்ளவர்கள் வந்து போனார்கள். மூத்தம்மா மட்டும் வெள்ளையை மாற்றவில்லை. அலுமாரியில் அவருடைய பழைய சேலைகள், பச்சையும் கத்தரிப்பூ நிறமும் மயில் நீலமுமாய் மடித்தபடியே இருந்தன. அவற்றில் பாதி மூத்தப்பா சாயம் போட்ட நூலில் நெய்தவை.

தாத்தாவுக்குக் கலியாணம் பேசி முடித்ததும் இந்த விஷயம் வீட்டில் பெரிதாகியது. பேத்தியின் நிக்காஹ் நடக்கும் வீட்டில் மூத்தம்மா வெள்ளையோடு இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று சாச்சி கவலைப்பட்டார். உம்மா கல்முனைக்குப் போய் இளம் பச்சையில் ஒரு சேலை வாங்கி வந்தார். மூத்தம்மா அதைக் கையில் வாங்கினார், விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "சாயக்காரன்ட பொஞ்சாதிக்கி சாயக்காரன் இல்லாம என்ன சாயம்?" என்று சொல்லிவிட்டு அஸருக்கு வுழூச் செய்யப் போய்விட்டார். உம்மா அந்தச் சேலையைப் பையோடு மேசையில் வைத்துவிட்டு அழுதார். இந்த நிலையில்தான் நான் துணிக்குச் சாயம் போடப் பழகத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைத்த மாதங்கள் அவை. அக்கரைப்பற்றில் இருக்கும் என் மச்சி வீட்டுக்கு வந்திருந்தபோது, தான் கட்டிச் சாயம் போட்ட ஒரு ஷோலைப் போட்டுக்கொண்டு வந்தார். நடுவிலிருந்து சுழன்று விரியும் ஊதாவும் மஞ்சளும். கடையில் வாங்கியது என்றே எல்லோரும் நினைத்தோம். "நானே கட்டி, நானே முக்கினது" என்றார். அன்றே அவரிடம் கட்டுப் போடப் பழகினேன்.

கட்டுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஆனால் கை பொறுமையாக இருக்க வேண்டும். ஈரத் துணியை மேசையில் விரித்து நடுவில் இரண்டு விரலால் பிடித்துத் திருகினால், துணி முழுவதும் மடிப்பு மடிப்பாகச் சுழன்று ஒரு ரொட்டி மாதிரி வட்டமாக வரும். அதை இறப்பர் வளையங்களால் ஆறு பங்காகக் கட்டி, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நிறம் ஊற்றினால் சுழி. விசிறி மாதிரி மடித்து இடைக்கிடையே இறுக்கினால் கோடுகள். துணிக்குள் கௌபி விதை ஒன்றை வைத்து அதன் கழுத்தை நூலால் சுற்றி இறுக்கினால் சின்ன வளையம். நூல் இறுகிய இடத்துக்குள் சாயம் நுழைய முடியாது; அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். நாம் வரைவது சாயத்தால் அல்ல, சாயம் போகாத இடங்களால் என்று மச்சி சொல்லித் தந்தார்.

எங்கள் மனையியல் டீச்சரிடம் இதைக் கேட்டபோது உலகம் முழுவதும் இந்தக் கட்டு இருக்கிறது என்று விளக்கினார். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பாந்தனி. கட்ச் பகுதியில் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கத்ரி சமூகத்தாரில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். மதுரையில் சௌராஷ்டிர மக்களின் சுங்குடிச் சேலை. ஜப்பானில் ஷிபோரி. நைஜீரியாவின் யொருபாப் பெண்கள் அவுரி நீலத்தில் தோய்க்கும் அதிரே. இவர்களுக்கெல்லாம் பொதுவானது ஒரு துண்டு நூலும் ஒரு முடிச்சும்தான்.

சாயத்தூளை கொழும்பில் பத்திக் செய்பவர்களுக்குச் சாயம் விற்கும் ஒரு கடையிலிருந்து காக்கா வாங்கி வந்தார். நீலம், ஊதா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு சிறிய பக்கற். அதோடு ஒரு கிலோ சோடா. அதுதான் எங்கள் இரசாயனவியல் புத்தகத்தில் வரும் சோடியம் காபனேற்று. நல்ல துணியைத் தொடுவதற்கு முன் நான் மூன்று துண்டுகளில் பரிசோதித்தேன். ஒன்று பழைய தலையணை உறை, அது சுத்தப் பருத்தி. ஒன்று என் பழைய பாடசாலைச் சீருடையின் துண்டு, பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்தது. மூன்றாவது சாச்சியின் ஷோல் ஒன்றின் ஓரம், முழுப் பொலியெஸ்டர். மூன்றையும் ஒரே சாயத்தில் ஒரே நேரம் வைத்துக் கழுவியபோது பருத்தி ஆழ்ந்த நீலமாக இருந்தது. சீருடைத் துண்டு வெளுத்த வான நிறத்தில் இருந்தது. பொலியெஸ்டர் துண்டில் சாயம் பட்டதற்கான அடையாளமே இல்லை.

இதை முன்கூட்டியே அறிய ஒரு இலகுவான வழி இருக்கிறது. துணியின் ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி, அடைப்பை அகற்றிய தையல் ஊசி ஒன்றில் சுற்றி, தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுவர்த்தியில் காட்ட வேண்டும். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து தொட்டவுடன் உதிரும் மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகும். கலப்புத் துணியில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

ஏன் இப்படி என்பது உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போன பின்னர்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. நாங்கள் பாவித்தது தாக்கமுறு சாயம் என்ற வகை. ராட்டீ, ஸ்டீவன் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்பை வைத்து, இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956 இல் இவ்வகைச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பருத்தி என்பது செலுலோசு. அதில் ஐதரொட்சில் கூட்டங்கள் நிறைய இருக்கின்றன. சோடாத் தண்ணீர் துணியைக் காரத் தன்மைக்குக் கொண்டு வரும்போது, பீ.எச். பெறுமானம் 11 அளவுக்கு உயரும்போது, அந்தக் கூட்டங்கள் ஐதரசனை இழந்து தயாராகின்றன. சாய மூலக்கூற்றிலுள்ள குளோரீன் அணு விலக, அந்த இடத்தில் செலுலோசின் ஒட்சிசன் வந்து பிணைகிறது. அது பங்கீட்டுவலுப் பிணைப்பு. சாயம் துணியின் மேல் ஒட்டியிருக்கவில்லை, துணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. பொலியெஸ்டரில் அப்படிப் பிணைய இடமில்லை, அதனால்தான் கழுவியதும் வெளுத்துவிட்டது.

இன்னொரு விஷயமும் என்னைக் கவர்ந்தது. 1956 க்குச் சரியாக நூறு வருடம் முன்பு, 1856 இல், வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர் லண்டனில் விடுமுறைக் காலத்தில் தன் வீட்டு ஆய்வுகூடத்தில் மலேரியா மருந்தான குயினைனைச் செய்ய முயன்றார். மருந்து வரவில்லை. குடுவையை மதுசாரம் விட்டுக் கழுவும்போது அழகிய ஊதா நிறம் வந்தது. உலகின் செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து தொடங்கியது. விடுமுறையில் வீட்டில் எதையாவது கலக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஏசும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஐஸில் சாயம் போடுவதையும் மச்சிதான் சொன்னார். சாதாரண முறையில் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோம். இந்த முறையில் சோடாத் தண்ணீரில் ஊறிய துணியைக் கசக்கி ஓட்டைக் கூடையில் வைத்து, மேலே ஐஸ் கட்டிகளைக் குவித்து, அதன் மேல் சாயத்தூளைத் தூவி விட வேண்டும். ஐஸ் உருக உருகச் சாயம் அதோடு மெதுவாக இறங்கும். எங்கே போக வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது.

ஐஸுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சாச்சா மீன் வியாபாரம் செய்கிறார். ஒரு சனிக்கிழமை காலை, மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டியில் நாலைந்து கிலோ ஐஸ் கொண்டு வந்து கிணற்றடியில் இறக்கினார். மூத்தம்மா வெளியே வந்து மூக்கைச் சுளித்தார்.

"என்னத்துக்கு புள்ள இவ்வளவு ஐஸ்? கீரி மீன் நாத்தம் அடிக்கிது."

"துணிக்கு மூத்தம்மா. ஐஸ்ல சாயம் போடப் போறன்."

"ஐஸ்லயா? சாயத்துக்குச் சூடுதானே வேணும். ஒன்ட மூத்தப்பா தொட்டிக்குக் கீழ நெருப்பு வெச்சவர்."

நான் விளக்கினேன். குளிரில் தாக்கம் மெதுவாக நடக்கும். அதனால் சாயம் பிணைவதற்கு முன் துணியில் ஊர்ந்து பரவ நேரம் கிடைக்கும். ஐஸ் உருகி முடிந்த பின்னர் எங்கள் ஊர் வெயிலின் வெப்பம் மிச்ச வேலையைச் செய்யும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போகாமல், பிளாஸ்டிக் கதிரையை மாமர நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்று நான் வைத்தது பழைய கட்டில் விரிப்பு ஒன்று. நான்கு லீற்றர் தண்ணீரில் 250 கிராம் சோடா கரைத்து இருபது நிமிடம் ஊற வைத்துப் பிழிந்தேன். கறுப்புத் தூளும் ஊதாத் தூளும் தூவினேன். காலை ஒன்பது மணிக்கு வைத்த ஐஸ் லுஹர் பாங்குக்கு முன்னரே கரைந்துவிட்டது. மாலையில் பார்த்தால், கறுப்பு கறுப்பாக இல்லை. ஒரு பக்கம் கடல் நீலம், ஒரு பக்கம் செம்மண் நிறம், ஓரங்களில் மெல்லிய ஊதா. ஊதாவும் அப்படித்தான், ரோசாவாகவும் நீலமாகவும் பிரிந்து கிடந்தது. வடிதாளில் கறுப்பு மையைப் புள்ளி வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் நிறங்கள் பிரியுமே, அதே கதைதான். கடையில் 'கறுப்பு' என்று விற்பது பல சாயங்களின் கலவை. ஒவ்வொன்றும் கரையும் வேகமும் துணியில் நகரும் வேகமும் வேறு. ஐஸ் மெதுவாக உருகுவதால் அவை தனித்தனியே தெரிய வருகின்றன.

மூத்தம்மா கதிரையை விட்டு எழுந்து வந்தார். விரிப்பைப் பார்த்தபடி, "நீலம் தொட்டிக்குள்ள இரிக்கக்குள்ள நீலமா இரிக்காது, தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மூத்தப்பா நூலுக்குப் போட்ட நீலம் தொட்டிக்குள் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில்தான் இருக்குமாம். கழியைத் தூக்கிக் காற்றில் உதறியதும் கண்ணுக்கு முன்னாலேயே நீலமாக மாறுமாம். கலியாணம் முடித்த புதிதில் அதைப் பார்ப்பதற்காகவே சோற்றுப் பாத்திரத்தோடு கொட்டிலுக்குப் போய் நிற்பாராம். "காத்துத்தான் அதுக்கு நெறம் குடுக்கிறது எண்டு சொல்லுவாரு" என்றார். மூத்தப்பா வபாத்தான பின் அவரைப் பற்றி மூத்தம்மா அழாமல் பேசியதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அவர் சொன்னது முழுக்க இரசாயனவியல். கரையாத நீலச் சாயத்தைக் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டுத் தாழ்த்தினால் அது கரையும் வடிவத்துக்கு வந்து நூலுக்குள் போகும். வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஒட்சிசன் அதை மீண்டும் கரையாத நீலமாக ஒட்சியேற்றும். பாடசாலைக்கே அதிகம் போகாத ஒருவர், நான் பாடமாக்கும் ஒட்சியேற்றத்தைச் சோற்றுப் பாத்திரத்தோடு நின்று பார்த்திருக்கிறார்.

அடுத்த நாள் விரிப்பைக் கழுவும்போது அவரே கிணற்றடிக்கு வந்துவிட்டார். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீரும் சவர்க்காரமும் என்று நான் வைத்திருந்த ஒழுங்கு சரிதான் என்றார். ஆனால் ஐந்தாவது தடவை நான் போதும் என்று நினைத்துத் துணியைத் தூக்கியபோது கையைப் பிடித்துவிட்டார். "தண்ணி கண்ணாடி மாதிரி வரணும். அது வராம வெயில்ல போடாத." துணியோடு பிணையாமல், தண்ணீரோடு தாக்கமுற்று வீணான சாயம் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அது முழுக்க வெளியேறாவிட்டால் மற்ற உடுப்புகளில் ஊறும். மூத்தப்பாவின் 'மூணு கழுவுக்கு மேல நிக்காது' என்ற தீர்ப்பின் இரகசியம் அதுதான் என்று எனக்கு விளங்கியது. எட்டாவது தடவை தண்ணீர் தெளிந்தது.

இதற்கிடையில் இஸ்லாம் பாடம் எடுக்கும் எங்கள் டீச்சரிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இத்தாவில் வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று மார்க்கத்தில் இருக்கிறதா? டீச்சர் நிதானமாக விளக்கினார். இத்தாவில் அலங்காரத்தைத் தவிர்க்க வேண்டும்; வெள்ளை என்பது எங்கள் நாட்டு வழக்கம்; தவணை முடிந்தால் தடையும் முடிந்துவிடும். பிறகு அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை. உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் அறிவிக்கும், புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸில், துக்கம் அனுஷ்டிக்கும் பெண் சாயமிட்ட ஆடையைத் தவிர்க்க வேண்டும் என்று வருகிறது. அதில் ஒரு துணிக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கிறது. அதன் பெயர் 'அஸ்ப்'. அது யமன் நாட்டுத் துணி. அரபியில் அச்சொல்லின் அடி கட்டுதல் என்ற பொருளைத் தருகிறது. நூலைக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, பிறகு நெய்த துணி. கட்டிய இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் நிறமாகவும் வரும்.

நான் அதை வீட்டில் மூத்தம்மாவிடம் சொன்னேன். நெறம் மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களுடைய காலத்தில் நூலைக் கட்டிச் சாயம் போட்ட ஆட்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களுடைய துணியின் பெயர் ஹதீஸில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "நூல்லயா கட்டினாங்க? துணியிலயா?" நூலில் என்றேன். "அப்ப அவங்களும் நம்மட ஆக்கள்தான்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, சுபஹுக்குப் பிறகு, மூத்தம்மா ஒரு வெள்ளை வொயில் சேலையை மடித்து என் படிப்பு மேசையில் வைத்தார். "நூலை எரிச்சுப் பாத்தன். பருத்திதான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எந்த நிறம் என்று கேட்டேன். "நீலம் மட்டும். வேற ஒண்டும் கலக்காத."

சேலையை ஐஸில் வைக்க நான் பயந்தேன். ஐந்தரை மீற்றர் துணி. சாயம் எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. திருப்பி வெள்ளையாக்க முடியாது. மூத்தம்மாதான் கையுறையைப் போட்டுக்கொண்டு துணியைக் கசக்கிக் கூடையில் அடுக்கினார். நீளவாட்டில் நெரித்து நெரித்து, கழியை மடிப்பது போல. ஐஸை நான் அடுக்கினேன். மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு மூன்று தேக்கரண்டி நீலத்தூள் தூவினேன். ஐஸ் உருகிய பின் கூடையைப் பொலித்தீனால் மூடி, மறுநாள் காலை வரை நிழலில் விட்டோம். இடையில் இரண்டு தடவை பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தது நானல்ல.

கழுவி விரித்தபோது உம்மா, சாச்சி, தாத்தா எல்லோரும் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள். ஐஸ் குவிந்திருந்த இடங்களில் ஆழ்ந்த நீலம். மடிப்புகளுக்குள் வெளிறிய நீலம். துணி மிக நெருக்கமாக நெரிந்திருந்த இடங்களில் வெள்ளை அப்படியே இருந்தது. விடியும் நேரத்துக் கடல் மாதிரி இருப்பதாகத் தாத்தா சொன்னார். மூத்தம்மா ஓரத்தை இரண்டு விரலுக்கிடையே வைத்து உரசினார். விரலைப் பார்த்தார். "நிக்கும்" என்றார்.

நிக்காஹ் அன்று அவர் அந்தச் சேலையைத்தான் உடுத்தினார். உம்மா வாங்கிய பச்சைச் சேலை இன்னும் பையிலேயே இருக்கிறது. ஏன் அதை மறுத்து இதை உடுத்தினார் என்று சாச்சி கேட்டபோது, "அது கடையில வாங்கின நெறம். இது என்ட வெள்ளையிலேயே வந்தது" என்று பதில் சொன்னார். கலியாணம் முடிந்து ஒரு வருடமாகப் போகிறது. ஐந்து வெள்ளைச் சேலைகளில் மூன்றுக்குச் சாயம் போட்டிருக்கிறோம். இரண்டு இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளிலும், மூத்தப்பாவை நினைத்துக் கத்தம் ஓதும் நாட்களிலும் அவர் அவற்றை உடுத்துகிறார். அவற்றுக்கும் சாயம் போடுவோமா என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. அவர் எப்போது தருகிறாரோ அப்போது பார்க்கலாம், தராவிட்டாலும் சரிதான்.

தோழியரே, செய்து பார்க்க விரும்பினால் சில விஷயங்களைக் கவனியுங்கள். முதலில் இழையை எரித்துப் பாருங்கள். பருத்தியாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். மஞ்சள் படிந்த வெள்ளைத் துணிகள், தம்பியின் பழைய பெனியன்கள், தலையணை உறைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. துணிகள் விற்கும் இன்றைய விலைக்கு இது குடும்பத்துக்கும் ஓர் உதவி. சாயத்தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். காற்று வீசும் இடத்தில் தூவ வேண்டாம். சாயத்துக்கு எடுத்த பேசினும் கரண்டியும் மறுபடி குசினிக்குள் போகக் கூடாது. சோடாத் தண்ணீர் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கழுவிய தண்ணீரைக் கிணற்றுப் பக்கமும் கீரைப் பாத்திப் பக்கமும் ஊற்றாதீர்கள். சோடா கலந்த சாயம் சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடும், ஆகவே தேவையான அளவு மட்டும் கரையுங்கள்.

இன்னொன்று, உங்கள் வீட்டிலும் பழைய தொழில் தெரிந்த ஒருவர் இருக்கக் கூடும். நெய்தவராக, பாய் இழைத்தவராக, வலை கட்டியவராக. அவரிடம் அறிவுரை கேட்பது போலக் கேட்டால் பெரும்பாலும் "அதெல்லாம் அந்தக் காலம்" என்றுதான் பதில் வரும். அவருக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வேலையை உங்கள் கையால் செய்யத் தொடங்குங்கள். கொஞ்ச நேரத்தில் அவரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வருவார். அப்போது பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் இருக்கட்டும். என்னுடைய கொப்பியில் இதுவரை பதினொரு பக்கம் எழுதியாகிவிட்டது. பச்சை எப்படி வரும் என்ற இடத்தில் நிற்கிறோம்.